மெய்நிகர் வட்டுப் படிம முன்னொதுக்கீடு

மெய்நிகர் வட்டுப் படிம முன்னொதுக்கீடு என்பது, ஒரு மெய்நிகர் கணினிக்கு வன்தட்டாகப் பயன்படும் கோப்பினை உருவாக்கும்போதே அதற்குத் தேவைப்படக்கூடிய சேமிப்பிடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் முறையாகும். கியூஎமு, விஎம்வேர், வர்ச்சுவல்பாக்ஸ், ஐப்பர்-வி முதலிய மெய்நிகராக்க மென்பொருள்கள் அனைத்திலும் இவ்வசதி ஏதேனும் ஒரு வடிவில் உள்ளது. மெய்நிகர் கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது இடம் தீர்ந்து நின்றுவிடாமல் காப்பதும், எழுதும் வேகத்தைச் சீராக வைப்பதும் இதன் இரு நோக்கங்கள்.

முன்னொதுக்கீடு என்ற ஒரே சொல் வெவ்வேறு அளவிலான உறுதிமொழிகளைக் குறிக்கின்றது. சில வகைகளில் கணக்கேடு மட்டுமே எழுதப்படுகின்றது, இடம் ஒதுக்கப்படுவதில்லை. சிலவற்றில் இடம் ஒதுக்கப்படுகின்றது, ஆனால் எதுவும் எழுதப்படுவதில்லை. சிலவற்றில் ஒவ்வொரு பைட்டும் சுழியத்தால் நிரப்பப்படுகின்றது. எது செய்யப்பட்டது என்று அறியாமல் "ஒதுக்கிவிட்டோம்" என்று நம்பியிருப்பதே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம்.

பின்னணி

மெய்நிகர் கணினி என்பது ஒரு மெய்யான கணினியினுள் மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணினி ஆகும். மெய்யான கணினி புரவலர் என்றும், உள்ளே இயங்குவது விருந்தினர் என்றும் அழைக்கப்படும். விருந்தினர் இயக்குதளம் தனக்கென ஒரு வன்தட்டு இருப்பதாகவே கருதுகின்றது. உண்மையில் அது புரவலரின் கோப்பு முறைமையில் உள்ள ஒரு கோப்பு. இக்கோப்பே வட்டுப் படிமம் எனப்படும்.

20 கிகாபைட்டு வன்தட்டு ஒன்றை விருந்தினருக்குக் கொடுக்க விரும்பினால் 20 கிகாபைட்டுக் கோப்பை உடனே எழுதத் தேவையில்லை. (இக்கட்டுரையில், வேறுவகையாகக் கூறப்படாத இடங்களில், ஒரு கிகாபைட்டு என்பது 1024 மெகாபைட்டு.) யுனிக்சு வழிவந்த கோப்பு முறைமைகளில் இடைவெளிக் கோப்பு என்ற வசதி நெடுங்காலமாக உண்டு. ஆங்கிலவழி பயின்றோர் இதனை ஸ்பார்ஸ் கோப்பு என்று அறிவர். கோப்பின் நீளம் 20 கிகாபைட்டு என்று குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் எழுதப்படாத பகுதிகளுக்கு வட்டில் இடமே இராது. அப்பகுதிகளைப் படித்தால் சுழியங்கள் கிடைக்கும். முதன்முறை எழுதும்போதுதான் கோப்பு முறைமை இடத்தைத் தேடிக் கொடுக்கும்.

இதே எண்ணத்தைச் சில படிம வடிவங்கள் கோப்பினுள்ளேயே செயற்படுத்துகின்றன. கியூஎமுவின் கியூகவ்2, விஎம்வேரின் விஎம்டிகே, வர்ச்சுவல்பாக்சின் விடிஐ, மைக்ரோசாப்டின் விஎச்டி ஆகியவை இத்தகையன. இவற்றில் விருந்தினரின் வட்டு முகவரியைக் கோப்பினுள் உள்ள இடத்துடன் இணைக்கும் அட்டவணை ஒன்று இருக்கும். விருந்தினர் எழுத எழுதக் கோப்பின் இறுதியில் புதிய துண்டுகள் சேர்க்கப்பட்டு, அட்டவணையில் பதியப்படும். கியூகவ்2-இல் ஒரு துண்டு இயல்பாக 64 கிலோபைட்டு, விடிஐ-இல் 1 மெகாபைட்டு, விஎச்டி-இல் 2 மெகாபைட்டு.

வளரும் படிமத்தின் இடர்

வளரும் படிமங்களின் கவர்ச்சி வெளிப்படையானது. கல்லூரி ஆய்வகம் ஒன்றில் புரவலர் கணினியில் 60 கிகாபைட்டு காலியாக உள்ளது எனக் கொள்வோம். நான்கு மாணவர்களுக்குத் தலா 20 கிகாபைட்டு வட்டுடன் நான்கு மெய்நிகர் கணினிகள் உருவாக்கப்பட்டு, அவற்றில் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சு நிறுவப்படுகின்றது. நிறுவி முடித்தவுடன் ஒவ்வொன்றும் 6 கிகாபைட்டு எடுத்துக்கொண்டால் மொத்தம் 24 கிகாபைட்டே செலவாகியிருக்கும். இன்னும் 36 மீதமிருக்கின்றது. ஆனால் வாக்களிக்கப்பட்டதோ 80 கிகாபைட்டு. மாணவர்கள் தத்தம் வட்டில் 15 கிகாபைட்டைத் தொடும்போது புரவலரின் 60-உம் தீர்ந்துவிடும். அப்போதும் ஒவ்வொரு விருந்தினரும் தன்னிடம் 5 கிகாபைட்டு மீதமிருப்பதாகவே காட்டும்.

இந்நிலையில் நடப்பது என்ன? விருந்தினர் இயக்குதளத்துக்கு "இடமில்லை" என்ற செய்தியைச் சொல்லப் பொதுவாக வழியில்லை. வன்தட்டு என்ற கருவி தன்னுள் இருக்கும் பிரிவு ஒன்றை "இல்லை" என்று சொல்வதில்லை. பெரும்பாலும் பழுது என்று மட்டுமே சொல்லும். பழுது என்று சொன்னால் விருந்தினரின் கோப்பு முறைமை தன்னைப் படிக்க மட்டும் இயலும் நிலைக்கு மாற்றிக்கொள்ளவோ தரவுதளம் சிதையவோ கூடும். எனவே கியூஎமு, வேறு அமைப்பு தரப்படாவிட்டால், இடம் தீர்ந்த பிழை வந்ததும் விருந்தினரை அப்படியே உறையவைத்துவிடும். வர்ச்சுவல்பாக்சும் இவ்வாறே நிறுத்தி அறிவிக்கும். நிருவாகி இடத்தை விடுவித்துத் தொடரச் சொன்னால், நின்ற எழுத்துப்பணி மீண்டும் முயலப்படும். தரவு அழிவதில்லை.

இது நல்ல ஏற்பாடுதான். ஆயினும் ஒரே வட்டைப் பகிரும் எல்லா விருந்தினரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உறையும். புரவலர் தானும் தன் பதிவேடுகளை எழுத முடியாமல் திணறும். இரவு 2 மணிக்கு இது நடந்தால் காலை வரை சேவை இல்லை.

இதைவிடத் தீங்கானது, புரவலரின் கோப்பு முறைமைக்கும் கீழே உள்ள அடுக்கு இடத்தை மிகையாக வாக்களித்திருப்பது. கோப்பு முறைமை "இடம் உண்டு" என்று ஏற்றுக்கொண்ட தரவு, சற்றுப் பின்னர் நினைவகத்திலிருந்து வட்டுக்கு இறக்கப்படும்போதுதான் பிழை தெரியவரும். அப்போது உறையவைத்து மீண்டும் முயலும் மேற்கண்ட ஏற்பாடு உரிய நேரத்தில் செயற்படாது போகலாம்.

வகைகள்

கியூஎமு பயன்படுத்தும் நான்கு வகைப் பெயர்கள் இத்துறையில் வேறுபாடுகளை விளக்க மிக வசதியானவை. எனவே அவற்றையே இங்கு முதலில் காண்போம். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் பேருந்தில் இடம் பிடிப்பதோடு இவற்றை ஒப்பிடலாம். சேந்தமங்கலம், காரவள்ளி வழியாகச் சென்று, அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் நின்றுகொண்டே கடக்க யாரும் விரும்புவதில்லை ஆகையால் இருக்கையின் உறுதி இங்கு முக்கியமானது.

ஆஃப் என்பது முன்னொதுக்கீடு இல்லாத நிலை. வழியில் ஏறி, காலியாக இருந்தால் அமர்வது. கியூகவ்2 கோப்பு இவ்வாறு உருவாக்கப்படும்போது சில நூறு கிலோபைட்டுக்கு மேல் இராது.

மெட்டாடேட்டா என்னும் வகையில் மேல்தரவு, அதாவது அட்டவணைகள் மட்டும் முன்கூட்டியே எழுதப்படும். இருக்கை எண்களைப் பயணிகள் பட்டியலில் எழுதிவிட்டு, பேருந்தில் யார் அமர்ந்திருக்கின்றார்கள் என்று பாராமல் விடுவதைப் போன்றது இது. கியூகவ்2-இன் இரண்டாம்நிலை அட்டவணை ஒன்று 64 கிலோபைட்டு. ஒரு பதிவு 8 பைட்டு ஆகையால் ஓர் அட்டவணையில் 8,192 பதிவுகள் அடங்கும். ஒவ்வொரு பதிவும் 64 கிலோபைட்டைச் சுட்டுவதால் ஓர் அட்டவணை 512 மெகாபைட்டைக் கையாளும். 20 கிகாபைட்டு வட்டுக்கு 40 அட்டவணைகள், அதாவது 2.5 மெகாபைட்டு. பயன்பாட்டு எண்ணிக்கைப் பதிவுகள் 640 கிலோபைட்டு. ஆக மொத்தம் ஏறத்தாழ 3 மெகாபைட்டு எழுதினால் போதும். இதன் பின்னர் விருந்தினர் எழுதும்போது அட்டவணையைப் புதுப்பிக்க வேண்டிய வேலை பெரிதும் குறைகின்றது. வேகம் கூடும். ஆனால் தரவுக்கான இடம் இன்னும் இடைவெளியாகவே இருக்கும். கோப்பின் நீளம் 20 கிகாபைட்டுக்குச் சற்று மேல் என்று காட்டப்படுவதால் இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று எண்ணுவோர் பலர். அது தவறு. மேலே கண்ட ஆய்வக எடுத்துக்காட்டில் இவ்வகை எவ்விதப் பாதுகாப்பும் தராது. புரோக்சுமாக்சு மென்பொருளில் கியூகவ்2 படிமங்களுக்கு இயல்பாக அமைவது இவ்வகையே என்பது கவனிக்கத்தக்கது.

ஃபாலொக் என்னும் வகையில் அட்டவணைகள் எழுதப்படுவதோடு, தரவுக்கான இடமும் கோப்பு முறைமையிடம் கேட்டுப் பெறப்படும். ஆனால் அவ்விடத்தில் எதுவும் எழுதப்படுவதில்லை. சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பது இதுவே. யாரும் அமரவில்லை, எனினும் இருக்கை பிறருக்கு இல்லை.

ஃபுல் என்பது முழு முன்னொதுக்கீடு. ஒவ்வொரு பைட்டிலும் சுழியம் எழுதப்படும். நொடிக்கு 100 மெகாபைட்டு எழுதவல்ல சுழல் வட்டில் 20 கிகாபைட்டுக்கு மூன்றரை நிமிடம் ஆகும். ஒரு டெராபைட்டு எனில் ஏறத்தாழ மூன்று மணி நேரம்.

கியூகவ்2 வடிவத்துக்கு மேல்தரவு ஒதுக்கீடு 2009-இல் சேர்க்கப்பட்டது. ஃபாலொக், ஃபுல் ஆகிய இரண்டும் 2014 திசம்பரில் வெளியான கியூஎமு 2.2 பதிப்பில் வந்தன. அட்டவணை எதுவுமில்லாத, வட்டை உள்ளது உள்ளபடியே வைத்திருக்கும் 'ரா' வடிவத்தில் மேல்தரவு வகைக்குப் பொருளில்லை. அங்கு மற்ற மூன்று மட்டுமே உண்டு.

ஃபாலொக்கேட் அழைப்பும் இந்தியப் பங்களிப்பும்

துண்டு போட்டு இடம் பிடிக்கும் வசதி லினக்சில் பொதுவாகக் கிடைக்கத் தொடங்கியது 2007-இல். அதற்கு முன் எக்சுஎப்எசு கோப்பு முறைமை தனக்கெனத் தனிக் கட்டளை ஒன்றை வைத்திருந்தது. பொசிக்சு 2001 செந்தரம் பொசிக்சு-ஃபாலொக்கேட் என்ற செயற்கூற்றை வரையறுத்திருந்தபோதிலும், லினக்சு கருவில் அதற்கு ஒத்த அழைப்பு இல்லாததால் சி நூலகம் ஒவ்வொரு தொகுதியிலும் எழுதிப் பார்த்தே அதனை நிறைவேற்றியது. இதனால் செந்தரம் சொன்ன உறுதி கிடைத்தது. நேரம் மிச்சமாகவில்லை.

இக்குறையை நீக்கிய ஃபாலொக்கேட் முறைமை அழைப்பினை எழுதி, லினக்சு உருவாக்குநர் குழுமத்தில் முன்வைத்து ஏற்கச் செய்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியப் பிரிவில் பணியாற்றிய அமித் அரோரா ஆவார். எக்சுட்4 கோப்பு முறைமைக்கான வேலையின் ஒரு பகுதியாக இது தொடங்கியது. முதலில் எக்சுட்4-க்கு மட்டுமான கட்டளையாக இருந்த எண்ணம், எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவான அழைப்பாக விரிந்தது. அந்த அழைப்பில் நான்கே அளபுருக்கள்: கோப்பு, முறை, தொடக்க இடம், நீளம். அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்பதிலேயே நீண்ட விவாதம் நிகழ்ந்தது. 32 பிட்டுச் செயலிகளில் 64 பிட்டு எண்களைப் பதிவகங்களில் அனுப்பும் விதம் செயலிக்குச் செயலி மாறுபடுவதே காரணம். ஒரு முறைமை அழைப்பு ஒருமுறை வெளியாகிவிட்டால் அதனைப் பின்னர் மாற்ற இயலாது என்பதால் இவ்வளவு கவனம் தேவைப்பட்டது. 2007 அக்டோபரில் வெளியான 2.6.23 பதிப்பில் அது இடம்பெற்றது. அதே ஆண்டு பெப்ரவரியில் வெளியான 2.6.20 பதிப்பில்தான் கேவிஎம் மெய்நிகராக்க வசதி லினக்சு கருவில் சேர்ந்திருந்தது. மெய்நிகர் கணினிகளுக்காகவே எழுதப்படாத ஓர் அழைப்பு, சில ஆண்டுகளில் அவற்றின் அடிப்படைத் தேவையாக மாறிற்று.

எக்சுட்4-இல் இது செயற்படும் விதம் எளிமையும் நுட்பமும் கொண்டது. அக்கோப்பு முறைமை ஒரு கோப்பின் இடங்களைத் தொடர்பகுதிகளாகப் பதிகின்றது. "இங்கிருந்து இத்தனை தொகுதிகள்" என்று கூறும் ஒரு பதிவு 12 பைட்டு நீளமுடையது. அதில் நீளத்தைக் குறிக்கும் 16 பிட்டுகளில் மேல் மதிப்பெல்லை, "இடம் இக்கோப்புக்கு உரியது, ஆனால் இன்னும் எழுதப்படவில்லை" என்பதைக் காட்டவும் பயன்படுத்தப்படுகின்றது. இதனால் எழுதப்பட்ட தொடர்பகுதி ஒன்றின் உச்ச நீளம் 32,768 தொகுதிகள், எழுதப்படாததன் உச்ச நீளம் 32,767 தொகுதிகள். ஒரு தொகுதி 4 கிலோபைட்டு எனில் இது ஏறத்தாழ 128 மெகாபைட்டு. ஆகவே 20 கிகாபைட்டை ஒதுக்கக் குறைந்தது 161 பதிவுகள் போதும். அவற்றின் மொத்த அளவு 2 கிலோபைட்டுக்கும் குறைவு. எந்தத் தொகுதிகள் காலி என்று காட்டும் பிட்டு வரைபடங்களைத் திருத்துவது தனி. அதுவும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். மூன்றரை நிமிட வேலை ஒரு நொடிக்குள் முடிவதன் இரகசியம் இதுவே.

எழுதப்படாத பகுதியைப் படித்தால் கோப்பு முறைமை வட்டைப் பார்க்காமலேயே சுழியங்களைத் தரும். அந்தக் குறியீடு இல்லாதிருந்தால், முன்னர் அவ்விடத்தில் இருந்து நீக்கப்பட்ட வேறொருவரின் கோப்பு படிமத்தினுள் தெரிந்துவிடும்.

தமிழர் ஒருவரின் பணியோடும் இவ்வரலாறு தொடர்புடையது. பல சேவையகங்களின் வட்டுகளை ஒன்றாக இணைக்கும் குளசுட்டர்எப்எசு கோப்பு முறைமையை உருவாக்கிய குளசுட்டர் நிறுவனத்தின் இணை நிறுவனர் ஆனந்த் பாபு பெரியசாமி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 2011-இல் இந்நிறுவனத்தை ரெட் ஹாட் வாங்கியது. கியூஎமு நேரடியாகக் குளசுட்டர் தொகுதியில் படிமங்களை வைக்கும் இயக்கியை 2012-இல் எழுதியவர் ஐபிஎம் இந்தியப் பிரிவைச் சேர்ந்த பரத பி. ராவ். 2013 திசம்பரில் அவர் அதற்கு முழு முன்னொதுக்கீட்டு வசதியையும் சேர்த்தார். சுழியங்களைப் புரவலரிலிருந்து பிணையம் வழியாக அனுப்பாமல், "இத்தனை பைட்டைச் சுழியமாக்கு" என்ற ஒரே வேண்டுகோளைச் சேமிப்புச் சேவையகத்திற்கு அனுப்பி, அங்கேயே நிரப்பச் செய்தது இதன் சிறப்பு. குளசுட்டருக்கான வணிக ஆதரவை ரெட் ஹாட் 2024 இறுதியில் முடித்துக்கொண்டது. அதே காலத்தில் வெளியான கியூஎமு 9.2, இந்த இயக்கியைக் கைவிடப்படவுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது.

பிற மென்பொருள்களில்

விஎம்வேர் சேவையக மென்பொருளில் மூன்று வகைகள் உள்ளன. மெல்லிய வகை, தேவைக்கேற்ப வளரும். தடித்த வகையில் இடம் முழுவதும் உடனே ஒதுக்கப்படும், ஆனால் ஒவ்வொரு பகுதியும் முதன்முறை எழுதப்படும்போதே சுழியமாக்கப்படும். மூன்றாவதான முன்சுழியத் தடித்த வகையில் உருவாக்கும்போதே அனைத்தும் சுழியமாக்கப்படும். ஒரு மெய்நிகர் கணினியை இரு புரவலர்களில் இணையாக இயக்கும் பிழைதாங்கு வசதிக்கு, 2015-இல் வீசுபியர் 6.0 வரும் வரை, மூன்றாம் வகை கட்டாயமாக இருந்தது. சுழியமாக்கும் வேலையைச் சேமிப்புக் கருவியிடமே ஒப்படைக்கும் வசதி 2010-இல் வீசுபியர் 4.1-உடன் வந்தது.

வர்ச்சுவல்பாக்சிலும் ஐப்பர்-வியிலும் தெரிவு எளியது. "வளரும்", "நிலையான" என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். பயனருக்கு எளிமை, ஆனால் "நிலையான" என்பது உள்ளே எவ்வாறு நிறைவேற்றப்படுகின்றது என்பதை இவை வெளிக்காட்டுவதில்லை.

வேகம்

முன்னொதுக்கீட்டால் வேகம் கூடும் என்பது பொதுவாக உண்மை. எவ்வளவு என்பது வட்டையும் வேலையையும் பொறுத்தது. சுழல் வட்டுகளில் பயன் மிகுதி. நான்கு விருந்தினர்கள் ஒரே நேரத்தில் சிறிது சிறிதாக வளர்ந்தால் அவற்றின் துண்டுகள் வட்டில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். பின்னர் ஒரு விருந்தினர் தொடர்ச்சியாகப் படிக்கும்போதும் வட்டின் முனை அங்குமிங்கும் அலையும். ஒரே முறையில் ஒதுக்கினால் நீண்ட தொடர்பகுதிகள் கிடைக்கும். திண்மநிலை வட்டுகளில் முனை இல்லை ஆகையால் இப்பயன் வெகுவாகக் குறைகின்றது. ஒதுக்கீட்டுக் கணக்கு வேலை மிச்சமாவது மட்டுமே எஞ்சும்.

ஃபாலொக், ஃபுல் ஆகியவற்றிடையேயும் வேறுபாடு உண்டு. ஃபாலொக் செய்த இடத்தில் முதன்முறை எழுதும்போது "எழுதப்படாதது" என்ற குறியீட்டை மாற்றவேண்டும். இது ஒரு மேல்தரவு மாற்றம் ஆகையால் கோப்பு முறைமையின் குறிப்பேட்டில் பதியப்படும். ஒவ்வொரு பரிமாற்றத்திற்குப் பின்னும் வட்டில் உறுதிப்படுத்தக் கோரும் தரவுதளங்களில் இக்கூடுதல் வேலை உணரப்படக்கூடும். ஒரே பகுதியில் இரண்டாம் முறை எழுதும்போது வேறுபாடு மறைந்துவிடும்.

கியூகவ்2 படிமத்தில் அட்டவணைகளை நினைவகத்தில் வைத்திருப்பதும் வேகத்தைத் தீர்மானிக்கின்றது. ஒரு மெகாபைட்டு அட்டவணை 8 கிகாபைட்டு வட்டைக் கையாளும். பழைய பதிப்புகளில் இயல்பான அளவு ஒரு மெகாபைட்டே. கியூஎமு 3.1 முதல் லினக்சில் உச்ச அளவு 32 மெகாபைட்டு ஆக்கப்பட்டது. பழைய பதிப்பில் 100 கிகாபைட்டுப் படிமத்தை முழுவதும் முன்னொதுக்கி வைத்தும் வேகமில்லை என்று வியந்தவர்கள், பெரும்பாலும் இதனையே கவனிக்கத் தவறியவர்கள்.

உறுதி தவறும் இடங்கள்

முன்னொதுக்கீடு என்பது மேலடுக்கு கீழடுக்கிடம் பெறும் வாக்கு. கீழடுக்கு வாக்கைக் காக்கும் நிலையில் இல்லாவிட்டால் பயனில்லை. இது நிகழும் இடங்கள் சிலவற்றை அறிந்திருத்தல் நல்லது.

எழுதும்போது நகலெடுக்கும் வகைக் கோப்பு முறைமைகளான பிடிஆர்எப்எசு, இசட்எப்எசு ஆகியவை ஏற்கனவே உள்ள தரவின்மேல் எழுதுவதில்லை. புதிய இடத்தில் எழுதிப் பழையதை விடுவிக்கும். எனவே முன்னர் பிடித்துவைத்த இடம் முதல் எழுத்துக்குப் பின் பொருளற்றதாகிவிடலாம். பிடிஆர்எப்எசு-இல் படிமங்கள் உள்ள அடைவுக்கு இந்நகலெடுப்பை நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. இசட்எப்எசு-இல் சுருக்கம் இயக்கப்பட்டிருந்தால், முழு முன்னொதுக்கீடு என்று எழுதப்படும் 20 கிகாபைட்டுச் சுழியங்கள் ஏறத்தாழ எந்த இடத்தையும் பிடிக்கமாட்டா. முழுவதும் எழுதியும் ஒன்றுமே ஒதுக்காத விந்தை இதுவாகும்.

அதேபோல் கீழே உள்ள சேமிப்புக் கருவியோ எல்விஎம் மெல்லிய குளமோ மிகையாக வாக்களித்திருந்தால் ஃபாலொக் அங்கு எட்டாது. கோப்பு முறைமை தன் ஏட்டில் மட்டுமே ஒதுக்கியிருக்கும். இத்தகைய இடங்களில் முழுமையாக எழுதுவதே நம்பத்தக்கது. அதுவும் கருவி சுழியங்களைக் கண்டு விட்டுவிடாத வரையில்தான்.

விருந்தினரே தன் ஒதுக்கீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவதும் உண்டு. திண்மநிலை வட்டுகளுக்காக வந்த விடுவிப்புக் கட்டளை மெய்நிகர் வட்டிலும் இயக்கப்பட்டிருந்தால், விருந்தினர் தன் காலியிடத்தை வாரந்தோறும் அறிவிக்கும். புரவலர் அவ்விடங்களில் துளையிட்டு இடத்தை மீட்டுக்கொள்ளும். லினக்சில் இவ்வாறு துளையிடும் முறை 2011-இல் 2.6.38 பதிப்பில் ஃபாலொக்கேட் அழைப்பிலேயே சேர்க்கப்பட்டது. ஒதுக்கவும் விடுவிக்கவும் ஒரே அழைப்பு. கவனமாகப் பிடித்த துண்டை வீட்டார் தாமே எடுத்துவிடுவதைப் போன்ற நிலை. முன்னொதுக்கீடு வேண்டுமெனில் இக்கட்டளையைப் படிமத்துக்குக் கடத்தாமல் நிறுத்திவைக்க வேண்டும்.

நகலெடுத்தலும் ஓர் இடர். படிமத்தை வேறு வட்டுக்கு நகர்த்தும் கருவிகள் பல, சுழியப் பகுதிகளைக் கண்டால் இடைவெளியாக்கிவிடும். கியூஎமுவின் வடிவமாற்றக் கருவியும் வேறுவகையாகக் கேட்காவிட்டால் இவ்வாறே செய்யும். இதற்கு நேர்மாறான துன்பமும் உண்டு. இடைவெளி அறியாத கருவியால் நகலெடுத்தால் 6 கிகாபைட்டு மட்டும் பிடித்திருந்த படிமம் 20 கிகாபைட்டாக வீங்கும். படிமத்தைக் கையடக்க நினைவகத்தில் எடுத்துக்கொண்டு, இணைய இணைப்பு மெதுவாக உள்ள மலையூர்ப் பள்ளிக்குச் செல்பவருக்கு இது சிறிய செய்தியன்று. கொண்டுசெல்ல வளரும் படிமமும், சென்ற இடத்தில் இயக்க முன்னொதுக்கிய படிமமும் வைத்துக்கொள்வது உகந்தது.

இறுதியாக, ஸ்னாப்ஷாட் எடுத்தவுடன் புதிய எழுத்துகள் வேறு இடத்துக்கோ வேறு கோப்புக்கோ செல்லும். முன்னொதுக்கிய 20 கிகாபைட்டு பழைய நிலையைக் காத்துக்கொண்டிருக்க, புதிய தரவுக்கு மேலும் 20 கிகாபைட்டு வரை வேண்டியிருக்கலாம். முன்னொதுக்கீடு செய்தோம் என்று எண்ணி மீதியிடத்தைக் கணக்கிடுவோர் இதனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தரவுக் கசிவு

கோப்பாக அல்லாமல் எல்விஎம் பிரிவையோ வட்டின் ஒரு பகுதியையோ நேரடியாக விருந்தினருக்குக் கொடுப்பதும் ஒருவகை முன்னொதுக்கீடே. இடம் முழுவதும் உறுதி, வேகமும் மிகுதி. ஆனால் இங்கு "எழுதப்படாதது" என்று குறிக்கும் கோப்பு முறைமை இடையில் இல்லை. சாதாரண எல்விஎம் பிரிவை உருவாக்கும்போது அதன் தொடக்கப் பகுதி மட்டுமே சுழியமாக்கப்படும். முன்னர் அவ்விடத்தில் வேறொரு வாடிக்கையாளரின் வட்டு இருந்திருந்தால் அவர் விட்டுச்சென்ற தரவைப் புதியவர் படிக்கலாம். மேகக் கணிமை வழங்குநர்கள் சிலரிடம் இத்தகைய எச்சங்கள் இருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2012-இல் வெளிப்படுத்தினர். எனவே பிறரோடு பகிரும் வட்டுகளில் சுழியமாக்கல் வேகத்துக்காக அன்றிக் காப்புக்காகவே செய்யப்பட வேண்டியதாகும். தாமதமாகச் சுழியமாக்கும் விஎம்வேர் வகையும் எக்சுட்4-இன் குறியீடும் இதே காப்பினை வேறு வழியில் தருகின்றன.

சரிபார்த்தல்

ஒரு படிமம் உண்மையில் எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளது என்பதை அறிய, கோப்பின் நீளத்தைப் பார்த்தால் போதாது. லினக்சில் கோப்புப் பட்டியல் கட்டளையான 'எல்எசு' நீளத்தைக் காட்டும். 'டியூ' கட்டளை பிடித்துள்ள இடத்தைக் காட்டும். கியூஎமுவின் படிமக் கருவி இரண்டையும் மெய்நிகர் அளவு, வட்டு அளவு என்று அடுத்தடுத்த வரிகளில் தரும். இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தால் இடம் பிடிக்கப்பட்டுள்ளது. மெய்நிகர் அளவு 20 கிகாபைட்டும் வட்டு அளவு சில மெகாபைட்டும் எனில் அது மேல்தரவு ஒதுக்கீடு மட்டுமே. ஆயினும் கீழடுக்கு மிகையாக வாக்களித்துள்ளதா என்பதை இக்கட்டளைகள் காட்டா. அதனைச் சேமிப்பு அடுக்கிலேயே பார்க்கவேண்டும். ஆய்வகத்தில் சோதனைக்காக உருவாக்கி நாளை அழிக்கும் மெய்நிகர் கணினிக்கு இத்தனையும் வேண்டியதில்லை. வளரும் படிமமே போதும். நின்றால் பிறர் வேலை கெடும் சேவையகம் எனில், எக்சுட்4 அல்லது எக்சுஎப்எசு-இன்மேல் ஃபாலொக் வகையைப் பயன்படுத்தி, விடுவிப்புக் கட்டளையை நிறுத்தி, ஸ்னாப்ஷாட்டுகளுக்கெனத் தனியே இடம் விட்டுவைப்பது பெரும்பாலான சூழல்களுக்குப் பொருந்தும்.